வெறும் மணலில் சொன்ன பேர்

ஒரு பெரிய ஏரி. ஏரிக்கு நடுவில் ஒரு கல்மேடு. அந்த மேட்டில் ஏழு ஆள்காட்டிக் குடும்பங்கள் முட்டையிட்டிருந்தன.

ஆள்காட்டி கூடு கட்டாது, மரத்திலும் ஏறாது. தரையில் ஒரு சின்னக் குழி, சுற்றிலும் நாலு கூழாங்கல், அவ்வளவுதான் அதன் வீடு. முட்டையும் கல் நிறம். பக்கத்தில் நின்று பார்த்தாலும் கல் எது, முட்டை எது என்று சட்டென்று தெரியாது. வாயை மூடிக்கொண்டு இருந்தாலே பாதிப் பிழைப்பு நடந்துவிடும். ஆனால் வாயை மூடுகிற வழக்கம்தான் அந்தக் கூட்டத்துக்குக் கிடையாதே!

அவர்களுக்கென்று ஒரு முறை இருந்தது. அதற்குப் 'பேர் சொல்லுதல்' என்று பேர். எதிரி யாராக இருந்தாலும் அவன் முகத்துக்கு நேரே போய் நிற்க வேண்டும். தன் பேரையும் தாய் பேரையும் உரக்கச் சொல்ல வேண்டும். "என் பின்னால் முட்டை இருக்கிறது, என்னைத் தாண்டிப் போ" என்று அறிவிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மோதலாம். பின்னாலிருந்து கொத்தக் கூடாது. ஒளியக் கூடாது. முட்டை இல்லாத இடத்தில் நின்று பேர் சொல்லவே கூடாது. அது பொய்யிலும் பெரிய பொய்.

மாடுகளிடம் இந்த முறை நன்றாகத்தான் நடந்தது. தண்ணீரில் நீந்தி மேய வந்து மிதிக்கப் போகிற மாடு சத்தம் கேட்டு ஒதுங்கிப் போகும். காக்கை வந்தால் ஏழு குடும்பமும் சேர்ந்து விரட்டும். கீரி வர வழியே இல்லை, சுற்றிலும் தண்ணீர். "நம்ம மானம்தான் நம்மைக் காப்பாத்துது" என்று கிழடுகள் பெருமை பேசிக்கொண்டன. காப்பாற்றியது தண்ணீர். அதற்கு யார் நன்றி சொன்னார்கள்?

அந்தக் கோடையில் தண்ணீர் வற்றத் தொடங்கியது.

வெள்ளச்சி என்ற ஆள்காட்டிக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாலு முட்டை இட்டிருந்தாள். வெயிலில் முட்டை வெந்துவிடாமல் இருக்க, தண்ணீரில் இறங்கி வயிற்றுச் சிறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காருவாள். முந்தாநாள் தண்ணீர் இருபது எட்டில் இருந்தது. நேற்று முப்பது. இன்று ஐம்பது எட்டு நடந்தும் கால் நனையவில்லை. உட்காருவாள், எழுந்திருப்பாள், கரையைப் பார்ப்பாள், மறுபடியும் உட்காருவாள்.

"கொஞ்சம் சும்மா உட்காரேன். நீ ஆடுற ஆட்டத்துல முட்டைக்குள்ள இருக்கிறதுக்குத் தலை சுத்தப் போகுது" என்றான் அவள் புருஷன் சுழியன்.

"தண்ணி போற போக்கைப் பாத்தீங்களா? தெக்குப் பக்கம் சேறு தெரியுது."

"தெரிஞ்சா தெரியட்டும். உங்க மாமா இருக்காரு, நாம இருக்கோம். என்ன வந்துடும்?"

மாமா என்றால் வல்லாளன். அந்த மேட்டுக்குத் தலைவர், வெள்ளச்சியின் தாய்மாமன். பேர் சொல்லி நின்ற அவள் அம்மாவைப் பருந்து தூக்கிப்போன நாளிலிருந்து அவளை வளர்த்து ஆளாக்கியவர். வாழ்நாளில் ஒரு பொய் சொன்னதில்லை. ஏரிக்கரை மாட்டுக்குக்கூட அது தெரியும்.

மறுநாள் காலையில் சேறு இறுகிப் பாதையானது. அந்தப் பாதையில் ஐந்து கீரிகள் வந்தன. முன்னால் வந்தவன் பேர் சாம்பலன்.

அவை மேட்டைச் சுற்றி மோந்து பார்த்தன. ஒன்றும் அகப்படவில்லை. கல்லும் மணலும்தான். திரும்பிப் போய்விடும்போல இருந்தது. அப்போது பக்கத்துக் குழிக்காரன் பாய்ந்து முன்னால் நின்று பேர் சொன்னான். முறைப்படி துணைக்குச் சுழியனும் போய் நின்றான்.

"நான் சுழியன், கருத்தம்மாள் மகன். என் பின்னால் முட்டை இருக்கிறது. என்னைத் தாண்டிப் போ!"

சாம்பலனுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. "அப்படியா தம்பி? தேடுற வேலை மிச்சம்" என்றான். ஐந்தும் ஒன்றாகப் பாய்ந்தன.

கொஞ்ச நேரத்தில் பக்கத்துக் குழியிலும் அதை அடுத்த குழியிலும் வெறும் ஓடுதான் இருந்தது. வெள்ளச்சியின் குழி கண்ணில் படாமல் தப்பியது. சுழியனின் சிறகுகள் மணலில் பறந்துகொண்டிருந்தன. கீரிகள் வாயைத் துடைத்துக்கொண்டு, நாளைக்கு வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போயின.

வெள்ளச்சி அழுதாள். அழுதுகொண்டே அறுபது எட்டு நடந்து வயிற்றை நனைத்துக்கொண்டு வந்தாள். முட்டைக்குத் துக்கம் தெரியாதே.

வெயில் தாழ்ந்ததும் கூட்டம் கூடியது. "சுழியன் மானத்தோட போயிருக்கான். அவன் பேர் நிலைக்கும்" என்றார் வல்லாளன்.

வெள்ளச்சி எழுந்தாள். "பேர் நிலைக்கும் மாமா. முட்டை நிலைக்கலையே. நாம வாயைத் திறக்கிற வரைக்கும் அதுகளுக்கு ஒரு முட்டைகூட அகப்படலை. தவளை தன் வாயால கெடும்னு சொல்லுவாங்க, அது நாமதான்."

"அதுக்காக? திருடன் மாதிரிப் பதுங்கிக் கிடக்கச் சொல்றியா?"

"என் பிள்ளைங்க வெளியே வர இன்னும் நாலு நாள் இருக்கு மாமா. அதுவரைக்கும் பதுங்கினா என்ன?"

"நாளைக்கு அதுங்ககிட்ட என்ன சொல்லுவே? ஒளிஞ்சாத்தான் பிழைப்புன்னா?"

"முதல்ல அதுங்க ஓட்டை விட்டு வெளியே வரட்டும். என்ன சொல்றதுன்னு பிறகு யோசிக்கலாம்."

வல்லாளன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கூட்டம் கலைந்தது.

மறுநாள் விடிந்ததும் கீரிகள் வந்துவிட்டன. வெள்ளச்சி வாயைத் திறக்கவில்லை. முட்டையை விட்டு நைசாக நகர்ந்து ஒரு கருவேலஞ்செடி ஓரம் நின்றாள். சாம்பலன் மோந்துகொண்டே வந்தான். பத்து எட்டு, எட்டு எட்டு, ஐந்து எட்டு. வெள்ளச்சி பதறிப் பின்வாங்கியதில் அவள் சிறகு முள்ளில் மாட்டிக்கொண்டது. உதறினாள். விடவில்லை.

சாம்பலன் தலையைத் தூக்கிப் பார்த்தான். முட்டையை மறந்தான். "அட, சிறகொடிஞ்ச பறவை!" என்று அவளை நோக்கி வந்தான்.

அந்த ஒரு நொடியில் வெள்ளச்சிக்குப் புத்தியில் பளிச்சென்றது. சிறகு முள்ளிலிருந்து விடுபட்டுவிட்டது. ஆனாலும் அவள் பறக்கவில்லை. சிறகைத் தரையில் இழுத்தாள். நொண்டினாள். விழுந்தாள், எழுந்தாள், ஐயோ அம்மா என்று கத்தினாள். கீரி பக்கத்தில் வந்ததும் இரண்டு எட்டுத் தள்ளி விழுந்தாள். இப்படியே இழுத்துக்கொண்டு மேற்குப் பக்கத்துச் சேறு வரைக்கும் போனாள். ஐந்து கீரிகளும் பின்னாலேயே வந்தன. முழங்கால் வரைக்கும் சேற்றில் அவை மாட்டிக்கொண்டதும் ஜம்மென்று பறந்துவிட்டாள்.

அன்று ஒரு முட்டையும் போகவில்லை. இளவட்டங்கள் அவளைச் சுற்றிக் கூத்தாடின. பரட்டை என்ற குறும்புக்காரன் அங்கேயே நொண்டி நொண்டிக் காட்டினான்.

வல்லாளன் வந்தார். கூத்து அடங்கியது.

"நீ செஞ்சது என்ன?"

"முட்டையைக் காப்பாத்தினேன் மாமா."

"எதிரி முன்னால நொண்டினே. அழுதே. பொய்யா அழுதே." அவர் கிட்டே வந்தார். "இனி உனக்கு நிஜமாவே சிறகு ஒடிஞ்சா, நீ கத்துறது நிஜமா பொய்யான்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? ஓடி வர்றதா, சிரிக்கிறதா?"

வெள்ளச்சி முள்ளில் மாட்டிய தன் சிறகைப் பார்த்தாள்.

"முறை தவறினவங்களுக்கு என்னன்னு உனக்கே தெரியும். இந்த மேட்டில் இனி யாரும் உன் பேரைச் சொல்ல மாட்டாங்க. பிள்ளைங்க பொரிச்சதும் கிழக்குக் கோடிக்குப் போயிடு."

தூக்கி வளர்த்த வாயால் அதைச் சொன்னார். வெள்ளச்சி முட்டைமேல் போய் உட்கார்ந்துகொண்டாள். போகச் சொன்ன இடத்துக்குப் போவதற்கும் பிள்ளைகள் வேண்டுமே.

மூன்றாம் நாள் கீரிகள் வந்தபோது நாலைந்து பேர் நொண்டினார்கள். பார்க்க வேடிக்கையாக இருந்தது. கீரிகள் இங்கே ஓடும், அங்கே ஓடும், கடைசியில் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பும். அன்றும் முட்டை தப்பியது. வல்லாளன் மட்டும் தூரத்தில் தனியாக நின்றார்.

வெள்ளச்சி சிரிக்கவில்லை. சாம்பலன் அன்று ஓடாமல் ஓர் ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்ததை அவள் கவனித்திருந்தாள். அவன் தலை ஆடியதையும் கவனித்திருந்தாள்.

நாலாம் நாள் பரட்டை நொண்டினான். சாம்பலன் தன் ஆட்களிடம் சொன்னான்: "நொண்டுறவன் பின்னால ஒருத்தன் மட்டும் போங்கடா. மத்தவங்க அவன் எங்கேருந்து கிளம்பினானோ அந்த இடத்துக்குப் போங்க."

பரட்டையின் குழி ஒரு நொடியில் காலி. அதைப் பார்த்துப் பதறித் திரும்பிய பரட்டையின் சிறகை, பின்னால் போன கீரி கவ்விவிட்டது. பரட்டை அலறினான். "சிறகு போச்சு! நிஜமாப் போச்சு! வாங்களேன்!"

மேட்டிலிருந்த இளவட்டங்கள் சிரித்தன. "என்னமா நடிக்கிறான் பாரு" என்றது ஒன்று.

வெள்ளச்சிக்கு அந்தக் குரலில் ஏதோ உறுத்தியது. எழுந்தாள். நடிப்பாக இருக்குமோ என்று ஒரு கணம் நின்றாள். அந்த ஒரு கணம் போதுமானதாக இருந்தது. அவள் போய்ச் சேர்ந்தபோது பரட்டை இல்லை.

திரும்பும் வழியில் வல்லாளன் நின்றிருந்தார். 'சொன்னேனே' என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் சுட்டது.

ஐந்தாம் நாள் விடியும்போதே முட்டைகளுக்குள் கீச்சுக் கீச்சென்று சத்தம். முதல் முட்டையில் விரிசல் விட்டது. இரண்டாவதிலும் விட்டது. ஈரக்குஞ்சு ஒன்று தலையை வெளியே நீட்டியது.

ஆள்காட்டிக் குஞ்சு பொரித்த அன்றைக்கே ஓடும். ஆனால் ஈரம் காய வேண்டும். காய்ந்துவிட்டால் கோரைப்புல்லுக்குள் கொண்டுபோய்விடலாம், அங்கே தண்ணீர் இன்னும் கிடக்கிறது. ஒரு நாழிகை போதும். வெள்ளச்சி வானத்தைப் பார்த்தாள், குஞ்சைப் பார்த்தாள், பாதையைப் பார்த்தாள். காயேண்டா கண்ணு, சீக்கிரம் காயேன் என்று புலம்பினாள்.

பாதையில் ஐந்து வால்கள் தெரிந்தன. இந்தக் கீரிகளுக்கு மட்டும் எப்படித்தான் மூக்கில் வேர்க்குமோ!

வேறு வழி தெரியாமல் வெள்ளச்சி ஓடிப்போய்ச் சிறகை இழுத்தாள். நொண்டினாள்.

சாம்பலன் நின்று சிரித்தான். "வா தாயி. உன்னைத்தான் தேடிக்கிட்டிருந்தேன். முதல்ல இந்த வித்தையைக் காட்டினவ நீதானே? எங்கே கிளம்பினே? ஓ, அந்தக் கருவேலஞ்செடிப் பக்கமா?" அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராக அந்தப் பக்கம் நடந்தான்.

வெள்ளச்சி நொண்டுவதை விட்டுவிட்டு அவன் முகத்துக்கு நேரே பறந்தாள். கொத்தினாள். "இங்கே ஒண்ணும் இல்லை!" என்று கத்தினாள். அவள் கத்தக் கத்த அவன் நடை வேகமாயிற்று.

அப்போதுதான் வல்லாளன் மேட்டு உச்சிக்கு வந்தார். ஒரு தடவை கருவேலஞ்செடியைப் பார்த்தார். அங்கே நாலாவது முட்டை அப்போதுதான் ஆடியது. பிறகு அவர் அதற்கு எதிர்ப்பக்கம், வடக்கே, வெறும் மணல் கிடந்த இடத்துக்குப் பறந்து போனார். வெள்ளச்சிக்கு ஒன்றும் புரியவில்லை. கிழவருக்குக் கண் தெரியவில்லையா? பயந்து போகிறாரா? என் மாமாவா?

அவர் அந்த மணலில் காலை ஊன்றி நின்றார். தலையை நிமிர்த்தினார். மேடு முழுக்கக் கேட்கிற குரலில் பேர் சொன்னார்.

"நான் வல்லாளன், வேலம்மாள் மகன். இந்த மேட்டுக்குத் தலைவன். என் பின்னால் முட்டை இருக்கிறது. என்னைத் தாண்டிப் போ!"

சாம்பலன் நின்றுவிட்டான்.

"அண்ணே, இந்தப் பக்கம்தானே குஞ்சுச் சத்தம் கேக்குது?" என்றது ஒரு கீரி.

"சும்மா இருடா. இவளுங்க எல்லாம் நடிப்பு. சத்தமும் நடிப்பா இருக்கும். அந்தக் கிழவன் பொய் சொல்ல மாட்டான். எங்க தாத்தா காலத்திலேருந்து கேள்வி, இந்தக் கூட்டத்துல ஒருத்தனும் முட்டை இல்லாத இடத்துல நின்னு பேர் சொன்னதில்லை. தலைவனே அங்கே நிக்கிறான்னா எல்லா முட்டையையும் அங்கேதான் சேர்த்து வச்சிருப்பாங்க. வாங்கடா!"

ஐந்தும் வடக்கே ஓடின.

வல்லாளன் பறக்கவில்லை. பறந்தால் குட்டு உடைந்துவிடும். பின்னால் நிஜமாகவே முட்டை இருப்பதுபோல ஓர் எட்டும் நகராமல் நின்று மோதினார். நேருக்கு நேராகத்தான் மோதினார். ஒரு கீரிக்குக் கண் வீங்கியது, இன்னொன்றுக்கு மூக்கு கிழிந்தது. அவர் இடது சிறகு ஒடிந்தது. அப்படியும் நின்றார்.

வெள்ளச்சிக்குக் கண்ணில் நீர் முட்டியது. அழ நேரமில்லை. கடைசிக் குஞ்சு ஓட்டை உதைத்துக்கொண்டு வந்தது. முதல் மூன்றும் எழுந்து நின்றன. நாலையும் வயிற்றால் தள்ளாத குறையாகத் தள்ளிக்கொண்டு கோரைக்குள் சேர்த்தாள். "மூச்சு விடக் கூடாது" என்று சொல்லிவிட்டு ஒரே பாய்ச்சலாகத் திரும்பினாள்.

கீரிகள் வல்லாளனைத் தள்ளிவிட்டு மணலைத் தோண்டிக்கொண்டிருந்தன. மணலுக்குக் கீழே மணல்தான் இருந்தது.

"எங்கேடா முட்டை?" என்று சாம்பலன் சீறினான்.

அவன் வல்லாளன்மேல் பாய்வதற்கு முன் வெள்ளச்சி கிழக்கே ஒரு வெறும் பாறையில் இறங்கிப் பேர் சொன்னாள். மற்றவர்களுக்கு அப்போதுதான் சங்கதி விளங்கியது. ஒருவன் மேற்கே நின்று பேர் சொன்னான். ஒருத்தி தெற்கே நின்று பேர் சொன்னாள். முட்டை இருந்தவன் ஒருவன் தன் குழி முன்னாலேயே நின்றும் சொன்னான். எங்கே பார்த்தாலும் பேர், எங்கே பார்த்தாலும் கத்தல். எது மெய், எது பொய் என்று கீரிகளுக்கு விளங்கவில்லை. அங்கே ஓடின, இங்கே ஓடின. வெயில் ஏறியது. மணல் கொதித்தது. உள்ளங்கால் வெந்து, நாக்கு வறண்டு, கடைசியில் சாம்பலன் "தலைக்கு மேலே போச்சு, வாங்கடா" என்று பாதையைப் பார்த்து நடந்தான். அன்று சாயங்காலம் கோடை மழை கொட்டியது. மறுநாளும் கொட்டியது. பாதை தண்ணீருக்குள் போயிற்று.

கீரிகள் போனதும் வெள்ளச்சி மாமாவிடம் ஓடினாள்.

"நாலுமா?" என்று கேட்டார் வல்லாளன்.

"நாலும் மாமா." அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "பொய் சொல்லிட்டீங்களே மாமா. நீங்களா?"

"ஆமாம்மா. சொல்லிட்டேன்." அவர் ஒடிந்த சிறகைப் பார்த்தார். "நீ நொண்டினப்போ ஒரு நாள் நம்பினாங்க, ரெண்டு நாள் நம்பினாங்க. நான் சொன்னதை உடனே நம்பினாங்க பாத்தியா? அது எனக்காக இல்லை. என் தாத்தா, உன் அம்மா, உன் புருஷன், இவங்கெல்லாம் மெய் சொல்லிச் செத்ததாலே. அவங்க சேர்த்து வச்சதை நான் ஒரே வாயில செலவழிச்சுட்டேன்."

"நல்லதுக்குத்தானே மாமா."

"நல்லதுக்குத்தான். ஆனாலும் செலவு செலவுதான்."

அவர் தள்ளாடி எழுந்தார். கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "முட்டை இல்லாத இடத்தில் பேர் சொன்னேன். முறை எனக்கும் உண்டு. இனி என் பேரை யாரும் சொல்ல வேண்டாம்." பிறகு வெள்ளச்சியிடம் திரும்பினார். "கிழக்குக் கோடியில எனக்கும் கொஞ்சம் இடம் இருக்கும்ல?"

அவர் நொண்டிக்கொண்டே கிழக்கே நடந்தார். பொய்யாக நொண்டியதற்கு வெள்ளச்சியை ஒதுக்கி வைத்தவர், அன்று முதல் நிஜமாகவே நொண்டினார். அடுத்த கோடையில் தண்ணீர் வற்றி அந்தக் கீரிகள் மறுபடியும் வந்தபோது, அவரைப் பார்த்துவிட்டு, "நடிப்பு, கிட்டே போகாதீங்க" என்று ஒதுங்கிப் போயின. அதைக் கேட்டு அவருக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

ஆனால் அதற்கு முன்பே ஒன்று நடந்தது. மழை விட்ட மறுநாள் வெள்ளச்சி நாலு குஞ்சுகளையும் கூட்டிக்கொண்டு கிழக்குக் கோடிக்குப் போனாள். குஞ்சுகள் ஒடிந்த சிறகை வெறித்துப் பார்த்தன.

"இது யாரும்மா?" என்று கேட்டது ஒரு குஞ்சு.

"பேர் இல்லாத கிழவன்" என்றார் அவர்.

வெள்ளச்சி அவருக்கு முன்னால் போய் நின்றாள். தலையை நிமிர்த்தினாள். மேட்டில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"நான் வெள்ளச்சி, பூவாயி மகள். என் பின்னால் என் மாமன் வல்லாளன் இருக்கிறார். என்னைத் தாண்டிப் போ!"

மேட்டின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் "வல்லாளன்" என்றது. பிறகு இன்னொரு குரல். பிறகு எல்லாக் குரல்களும். கிழவர் முகத்தை மறைத்துக்கொண்டார்.

இப்போதும் ஏரிக்கரைப் பக்கம் போனால் ஆள்காட்டி முட்டை இருக்கிற இடத்திலும் கத்தும், இல்லாத இடத்திலும் கத்தும், நடுநடுவே நொண்டியும் காட்டும். ஆனால் தன் குஞ்சைக் கூப்பிடும்போது மட்டும் அது ஒருநாளும் பொய்யாகக் கூப்பிடாது.

தந்திரம் உயிரைக் காக்கலாம், ஆனால் காலமெல்லாம் மெய் பேசிச் சேர்த்த நம்பிக்கை இருந்தால்தான் ஆபத்தில் அந்தத் தந்திரமும் பலிக்கும்.